பதினேழு பெயர்களும் ஒரு பேராசிரியர் கதிரையும்

அருள்நாயகி மிஸ்ஸின் பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று போடுவதற்கு அந்தப் பல்கலைக்கழகத்துக்கு முப்பத்து நான்கு வருடம் எடுத்தது. அந்தப் பெயரோடு அவர் அங்கே இருந்தது ஏழே மாதம்.

ஓய்வுபெற்றபோது பாராட்டு மலர் ஒன்று போட்டார்கள். பளபளக்கிற தாள், நூற்றிருபது பக்கம், முன்னட்டையில் மிஸ்ஸின் படம். உள்ளே கலாநிதிகள் எழுதியிருக்கிறார்கள். "தடைகளைப் புன்னகையோடு கடந்தவர்" என்று சவுந்தரநாயகம் சேர் எழுதியிருக்கிறார். தடையைப் போட்டவரே அவர்தான். புன்னகையாம். அந்த இருபது மாதமும் மிஸ்ஸின் முகம் எப்படி இருந்தது என்று என்னை அங்கிருந்து மாற்றும் வரை ஒவ்வொரு காலையும் லேப் கதவைத் திறந்துவிட்ட எனக்குத் தெரியும். அதனால்தான் நான் எழுதுகிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தவன். பிழை இருந்தால் இருக்கட்டும், பொய் இருக்காது.

என் பெயர் ஒஸ்வால்ட். தொண்ணூற்று மூன்றில் அந்தக் கொம்பியூட்டர் பகுதிக்கு லேப் உதவியாளாகப் போனேன். மிஸ்ஸும் நானும் ஒரே ஊர், கொட்டாஞ்சேனை. என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், மிஸ்ஸின் அப்பா அதே துறைமுகத்தில் பாரம் தூக்குகிற வின்ச் ஓட்டியவர். கோவிலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் அவர்களுடைய வீடு. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் அது எரிந்தது. மிஸ் அப்போதுதான் பட்டம் முடித்து உதவி விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தார். அகதி முகாமிலிருந்து வேலைக்குப் போய், பாடம் எடுத்து, திரும்ப முகாமுக்கு வந்து படுத்தவர். பிறகு குடும்பம் வெள்ளவத்தைக்கு மாறியது. கடற்கரைப் பக்கம், ரயில் போனால் கோப்பைகள் ஆடுகிற ஒரு மாடி வீடு. அங்கிருந்துதான் புலமைப்பரிசில் கிடைத்து இங்கிலாந்து போய் கொம்பியூட்டரில் கலாநிதிப் பட்டம் எடுத்தார். கூடப் போனவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றுவிட்டார்கள். மிஸ் தொண்ணூறில் திரும்பி வந்தார். நான் சொன்ன முப்பத்து நான்கு வருடம் அங்கிருந்துதான்.

"ஏன் மிஸ் வந்தீங்க? அங்க நல்லா இருந்திருக்கலாமே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க எல்லாருக்கும் எல்லாம் விளங்குது ஒஸ்வால்ட். எனக்கு அங்க என்ன வேலை?" என்றார்.

விளங்காததுதான் அவருடைய ஆராய்ச்சி. முதலாம் வருடப் பிள்ளைகள் எழுதுகிற பிழையான புரோகிராம் ஒன்றையும் எறிய விடமாட்டார். ஒரு பிள்ளை புரோகிராமில் எண் வைக்கிற பெட்டி ஒன்றுக்குள் ஐந்தைப் போடும். பிறகு அதே பெட்டிக்குள் ஏழைப் போடும். இப்போது உள்ளே பன்னிரண்டு இருக்கிறது என்று எழுதும். கொம்பியூட்டருக்கு அப்படி இல்லை. ஏழு வந்ததும் ஐந்து போய்விட்டது. மற்ற விரிவுரையாளர்கள் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு போட்டுவிட்டுப் போவார்கள். மிஸ் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, அது ஏன் அப்படி நினைத்தது என்று அரை நாள் கேட்டுக்கொண்டிருப்பார். முப்பது வருடத்துப் பிழைகள் ஒரு இரும்பு அலுமாரி முழுக்க இருந்தன. அதை வைத்து வெளிநாட்டுச் சஞ்சிகைகளில் எழுதினார். ஜப்பானிலிருந்தும் பின்லாந்திலிருந்தும் ஆட்கள் வந்து அந்த அலுமாரியைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எங்கள் பகுதியில் அதற்கு வைத்த பெயர் குப்பை அலுமாரி.

சவுந்தரநாயகம் சேரும் அங்கே சிரேஷ்ட விரிவுரையாளர். தேநீர் அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கேட்பார்: "இண்டைக்கு எத்தனை பிழை விளைஞ்சது டொக்டர்?"

"உங்கட வகுப்பிலயிருந்து மட்டும் நாப்பது," என்பார் மிஸ், தேநீரை ஆற்றிக்கொண்டே.

மிஸ் பாடம் எடுக்கிற விதமே வேறு. முதலாம் வருடத்தின் முதல் வகுப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்னால் நிறுத்துவார். "இவர்தான் கொம்பியூட்டர். பேர் ஒஸ்வால்ட். சொன்னதச் செய்வார். சொல்லாதத செய்யமாட்டார். இவரக் கதவுக்கு வெளியில அனுப்புங்க பாப்பம்," என்பார். பிள்ளைகள் கட்டளைகளை எழுதித் தருவார்கள். முன்னால் நட என்று எழுதியிருக்கும். நான் நடப்பேன். சுவர் வரும். சுவரில் முட்டி நின்று, அப்படியே காலைத் தூக்கித் தூக்கி வைப்பேன்.

"ஐயோ அண்ணே, நில்லுங்க! நில்லுங்க!"

"நிக்கச் சொல்லி எழுதினீங்களா?" என்பார் மிஸ். "அவர் விசரன் இல்ல. நீங்க எழுதினதத்தான் செய்யிறார்."

வகுப்பே விழுந்து சிரிக்கும். என் மூக்கு இரண்டு தடவை வீங்கியிருக்கிறது. ஆனால் நான் கதவுக்கு வெளியே போகும்போது அந்த நூறு பிள்ளைகளுக்கும் புரோகிராம் என்றால் என்ன என்று விளங்கியிருக்கும். எனக்கும் அப்படித்தான் விளங்கியது.

ஒரு வகுப்பால் முடிகிற காரியம் இல்லை அது. தமிழிலும் சிங்களத்திலும் ஏ.எல். பரீட்சை எழுதி, மாவட்டத்திலேயே நல்ல புள்ளி எடுத்து வந்த பிள்ளைகளுக்கு உள்ளே கால் வைத்த நாளிலிருந்து எல்லாம் இங்கிலீசில். மலையகத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மொனராகலையிலிருந்தும் வந்த பிள்ளைகள் கண்ணை விரித்துக்கொண்டு இருப்பார்கள். முதல் பரீட்சையில் விழுவார்கள். திருப்பி எழுத ஒரு தடவைதான் இடம். அதிலும் விழுந்தால் பெயர் வெட்டி வீட்டுக்கு.

பிள்ளைகள் இதற்குக் கண்டுபிடித்த வழிதான் குப்பி. பல்கலைக்கழகம் போன எவருக்கும் தெரியும். விளங்கிய பிள்ளை விளங்காத பிள்ளைகளுக்குத் தங்கள் பாஷையில் சொல்லிக்கொடுப்பது. முந்தின காலத்தில் குப்பி விளக்கைச் சுற்றி இருந்து படித்ததால் வந்த பெயர் என்கிறார்கள். மாணவர்களே நடத்துவது. விரிவுரையாளர்கள் அந்தப் பக்கம் தலை காட்டமாட்டார்கள், மரியாதைக் குறைவாம். மிஸ் போனார். போய்ப் பார்த்துவிட்டுத் தானே நடத்தத் தொடங்கினார். சனிக்கிழமை பின்னேரம், வெள்ளவத்தையில் அலவி நானாவின் போட்டோகொப்பிக் கடைக்கு மேல்மாடி. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழில், சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்தில், ஒரே அறையில், மாறி மாறி. ஒரு சதம் வாங்கவில்லை. பத்தொன்பது வருடம் நடந்தது. குப்பிக்கு ஒழுங்காக வந்த பிள்ளை ஒன்றுகூட இரண்டாம் தடவை விழவில்லை.

சவுந்தரநாயகம் சேருக்கு வயிறு எரிந்தது அதில்தான். அவர் வாரநாளில் பல்கலைக்கழகத்தில் இங்கிலீசில் வேகமாக ஓடுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில், டை கட்டிய தன் படம் ஒட்டிய மதிலுக்குப் பின்னால், அதே பாடத்தைத் தமிழில் ஆறுதலாக நடத்துவார். காசுக்கு. மிஸ்ஸின் குப்பியால் அந்த வகுப்பில் வாங்குகள் வெறுமையாகின.

மிஸ் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தது இரண்டாயிரத்து இருபத்தொன்றில். நான் சொன்னேன், "இப்பயாவது போட்டீங்களே மிஸ். பேருக்கு முன்னால ஒரு மரியாதை."

"மரியாதையா? பேராசிரியர் எண்டா, பாடங்கள முடிவு பண்ணுற செனற் சபையில கதிரை தானா வரும் ஒஸ்வால்ட். அதுக்குள்ள போனாத்தான் குப்பிய நேரசூசியில போடச் சொல்லிக் கேக்கலாம். நான் போன பிறகும் நடக்க வேணும். இல்லாட்டி எனக்கென்னத்துக்கு அந்தக் கதிரை?"

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். நேர்முகத் தேர்வுக்கு இரண்டாயிரத்து இருபத்திரண்டு செப்டெம்பரில் நாள் குறித்தார்கள்.

அந்த வருடத்தை மறக்க முடியுமா? பெற்றோல் இல்லை, காஸ் இல்லை, கரண்ட் இல்லை, கடைசியில் பேப்பரும் இல்லை. அலவி நானா கையை விரித்தார்: "மெசின் இருக்கு, மை இருக்கு, பேப்பர் இல்ல ஒஸ்வால்ட். நீங்க கொண்டு வாங்க, அடிச்சுத் தாறேன்."

எங்கள் பகுதியில் ஒருபக்கம் அடித்த தாளை எறிவதில்லை. மற்றப் பக்கத்தில் அடிப்போம். கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் அதற்கென்று ஒரு பெட்டி. பழைய அறிவித்தல், பழுதான கடிதம் எல்லாம் அதற்குள். மிஸ்ஸிடம் கேட்டேன். "என்ர அலுமாரியத் தொடாதீங்க. வேற ஒருபக்கத் தாள் இருந்தா எடுங்க," என்றார். நான் பெட்டியிலிருந்து ஒரு கட்டு அள்ளிக்கொண்டு போனேன். மேலே இருந்த நாலைந்து தாளைப் பார்த்தேன், விடுமுறை அறிவித்தல். அடியில் இருந்ததைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் இங்கிலீசு எனக்கு அவ்வளவுதான்.

அன்று குப்பிக்கு நாற்பத்தொரு பேர். தாளைக் கொடுத்து அரைமணி நேரம் இருக்காது. நாகேஸ்வரி என்ற பிள்ளை எழுந்தது. ஹற்றன் பக்கத் தோட்டம், மெலிந்த பிள்ளை, கேள்வி கேட்பதற்கே வெட்கப்படும்.

"மிஸ், பின்னால வேற என்னமோ அச்சடிச்சிருக்குங்க. இது நம்ம பரீட்சைக் கேள்வி மாதிரி இருக்குங்க மிஸ்."

மிஸ் வாங்கிப் பார்த்தார். சவுந்தரநாயகம் சேர் அடுத்த மாதப் பரீட்சைக்குத் தயாரித்த வினாத்தாளின் முதல் பிரதி. பூட்டி வைக்க வேண்டியது, வேண்டாமென்றால் கிழித்து எரிக்க வேண்டியது. மனுசன் அதை ஒருபக்கத் தாள் பெட்டிக்குள் போட்டிருக்கிறார்.

"ஒருதரும் எழும்ப வேணாம். தாளெல்லாம் திருப்பித் தாங்க," என்றார் மிஸ். நாற்பது தாள் வந்தது. ஒரு பெடியன் ரயிலுக்கு நேரம் போகுதென்று முன்னமே இறங்கிப் போயிருந்தான். மிஸ் அந்த இடத்திலேயே, என் கண்ணுக்கு முன்னால், பகுதித் தலைவருக்குப் போன் எடுத்தார். நடந்ததைச் சொன்னார். வினாத்தாளை இன்றைக்கே மாற்றுங்கள் என்றார். ஒரு களவாளி இப்படிச் செய்வாளா?

திங்கட்கிழமை அந்தப் பெடியனின் தாள், பின்பக்கத்தில் அதே வினாத்தாளின் இன்னொரு பக்கத்தோடு, எல்லோருடைய போனிலும் படமாக ஓடியது. செவ்வாய்க்கிழமை சவுந்தரநாயகம் சேர் உபவேந்தருக்குக் கடிதம் எழுதினார். "கலாநிதி அருள்நாயகி தனிப்பட்ட வகுப்பொன்றில் வினாத்தாளை வெளியிட்டுள்ளார்." முதலில் அறிவித்ததே மிஸ்தான் என்று அந்தக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. பகுதித் தலைவரைக் கேட்டபோது, போனில் சரியாக விளங்கவில்லை என்றாராம். காது கேளாத செவிடனையா பகுதித் தலைவராக வைத்திருக்கிறீர்கள்?

நேர்முகத் தேர்வு நிறுத்தப்பட்டது. விசாரணை முடியும் வரை குப்பி நடத்தக்கூடாது என்று கட்டளை வந்தது. தாள் எங்கிருந்து வந்தது என்று விசாரணை அதிகாரி கேட்டதற்கு மிஸ் சொன்னது ஒரே பதில்: "வகுப்பு என்னுடையது. தாளுக்குப் பொறுப்பும் நானே."

நான் ஓடிப்போய் அவர் அறையில் நின்றேன். "மிஸ், நான் எடுத்தனான் எண்டு சொல்லுங்கோ. பெட்டிக்குள்ள போட்டது அவர் எண்டு சொல்லுங்கோ."

"கதவச் சாத்துங்க. என்னை விசாரிப்பாங்க, கடிதம் கேப்பாங்க, இழுப்பாங்க. சம்பளம் வரும். உங்களை அண்டைக்கே வீட்டுக்கு அனுப்புவாங்க. மூண்டு பிள்ளைகள் இருக்கு உங்களுக்கு. வாயத் திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. பதினொரு மாதம் திறக்கவில்லை. அதை நினைக்கும்போது மற்றவர்களில் வருகிற கோபத்தை விட என்னில் வருகிற கோபம் பெரியது. சனிக்கிழமைகளில் மிஸ் வெள்ளவத்தையில் தன் வீட்டிலேயே இருந்தார். நாலு ஒழுங்கைக்கு அங்கால் மேல்மாடி பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் சிலர் ஞாயிற்றுக்கிழமை காசு வகுப்புக்குப் போனார்கள். காசில்லாதவர்கள் எங்கேயும் போகவில்லை. பரீட்சை வந்தது. முடிவு வர மாதக்கணக்கானது. அதைப் பலகையில் ஒட்டுகிற வேலை என்னுடையது. ஒட்டிவிட்டு விழுந்தவர்களின் பெயர்களை வாசித்தேன். நாகேஸ்வரியின் பெயரும் இருந்தது. அந்தத் தாளை எழுந்து காட்டிய பிள்ளை. காட்டாமல் வைத்திருந்து மனப்பாடம் செய்திருந்தால் பாஸ் பண்ணியிருக்கும். கேள்விகளை மாற்றினார்கள்தான், பாதியை.

வீட்டில் வந்து செலீனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். செலீன் என் மனைவி. மீன் வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"அந்த மனுசி உங்களுக்காகப் பழி சுமக்குது. நீங்க இவ்வளவு நாளும் என்ர கையால சோறு திண்டிட்டு ஒண்டும் சொல்லாம இருந்தீங்களா?"

"வேலை போகும் செலீன்."

"போகட்டும். நான் சாப்பாட்டுப் பார்சல் கட்டி வித்தாவது பாக்கிறன். நாளைக்கு நீங்க போய்ச் சொல்லாட்டி நான் போய்ச் சொல்லுவன். துறைமுகத்தால போற லொறி எல்லாத்துக்கும் கேக்கிற மாதிரிச் சொல்லுவன்."

அவள் சொன்னால் செய்வாள். போனேன்.

விசாரணை அதிகாரி ஓய்வுபெற்ற ஒரு பெரிய உத்தியோகத்தர். மேசைக்கு ஒரு பக்கத்தில் மிஸ், மறு பக்கத்தில் சவுந்தரநாயகம் சேர். என்னைக் கண்டதும் மிஸ் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "ஹரி மல்லி, கியன்ன," சரி தம்பி சொல்லு என்றார் அதிகாரி. சிங்களத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"அந்தத் தாளை எடுத்தது நான் சேர். ஒருபக்கத் தாள் பெட்டியிலயிருந்து எடுத்தன். மிஸ்ஸுக்கு அதில என்ன இருந்தது எண்டு தெரியாது."

"இத ஏன் பதினொரு மாசமாச் சொல்லேல்ல?"

"பயம் சேர். ஆனா நான் ஒண்டு கேக்க வேணும். எடுத்தது யார் எண்டு பதினொரு மாசமாத் தேடுறீங்க. அதப் பெட்டிக்குள்ள போட்டது யார் எண்டு ஒருநாளாவது கேட்டீங்களா?"

சவுந்தரநாயகம் சேர் தமிழில் பாய்ந்தார். "ஒஸ்வால்ட்! உனக்கு இதெல்லாம் யார் சொல்லித்தந்தது?"

"ஒருதரும் சொல்லித்தரேல்ல சேர். நீங்க சொல்லித்தாறதெண்டா ஞாயிற்றுக்கிழமை காசு கட்ட வேணுமே."

மிஸ் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. அதிகாரி என்ன சொன்னேன் என்று கேட்டார். அதையும் சிங்களத்தில் சொன்னேன்.

அன்று பின்னேரமே என்னை இடைநிறுத்தினார்கள். மிஸ் சொன்னபடியே. இரண்டு நாள் கழித்து மிஸ் கொட்டாஞ்சேனைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே தொடங்கினார்.

"யார் உங்களைப் போகச் சொன்னது? கேட்டனானா நான்?"

"நான்தான் மிஸ் அனுப்பினன்," என்றாள் செலீன் உள்ளிருந்து. "ஏசுறதெண்டா என்னை ஏசுங்கோ. முதல்ல வந்து இருங்கோ, தேத்தண்ணி ஊத்துறன்."

மிஸ் இருந்தார். தேத்தண்ணியைக் குடித்தார். போகும்போது என்னிடம், "அந்த ஞாயிற்றுக்கிழமைக் கதை... நல்லாச் சொன்னீங்க," என்றார். அவ்வளவுதான்.

தீர்ப்பு வர இன்னும் ஆறு மாதம். மிஸ் குற்றமற்றவர். எனக்கு மூன்று வருடச் சம்பள உயர்வு வெட்டு, லேப்பிலிருந்து களஞ்சியத்துக்கு மாற்றம். வினாத்தாளை ஒருபக்கத் தாள் பெட்டியில் போட்ட பெரிய மனுசருக்கு? இனிமேல் கவனமாக இருக்கும்படி ஒரு கடிதம்.

இரண்டாயிரத்து இருபத்து நான்கு ஏப்ரலில் பேராசிரியர் பதவிக் கடிதம் வந்தது. அதை வாசித்தபோதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. விண்ணப்பித்த நாளிலிருந்து பதவி செல்லுமாம். அதாவது, கடிதத்தின்படி மிஸ் மூன்று வருடமாகப் பேராசிரியர். அது அங்கே வழமை, நாளைப் பின்னுக்குப் போடுவார்கள். கடிதத்தில் நாளைப் பின்னுக்குப் போடலாம். அந்த மூன்று வருடமும் வெறுமையாக இருந்த செனற் கதிரையை எப்படிப் பின்னுக்குப் போடுவது? குப்பி பூட்டிக் கிடந்த காலத்தில் இரண்டு தடவையும் விழுந்து பெயர் வெட்டுப்பட்டுப் போன பிள்ளைகளை?

மிஸ் அந்தப் பிள்ளைகளை எண்ணி வைத்திருந்தார். பதினேழு பேர்.

முதல் செனற் கூட்டத்தில் நடந்ததை அங்கே தேநீர் கொடுக்கிற புவாத் எனக்குச் சொன்னான். புதுப் பேராசிரியரை வரவேற்று உபவேந்தர் நாலு நல்ல வார்த்தை சொன்னாராம். மிஸ் நன்றி சொல்ல எழுந்தாராம். நன்றி சொல்லவில்லை. பதினேழு பெயரையும், ஊரையும், ஏ.எல். புள்ளியையும் வாசித்தாராம். ஒருவர் இடையில் நேரம் போகிறது என்றதற்கு, "இவர்களுக்கும் போனது," என்று இங்கிலீசில் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து வாசித்தாராம்.

"தட்டத்தோட நிண்டன் அண்ணே, கால் நகரேல்ல," என்றான் புவாத். "ஒருத்தரும் தேத்தண்ணி எடுக்கவும் இல்ல."

சபை இரண்டு முடிவு எடுத்தது. குப்பியை நேரசூசியில் சேர்ப்பது பற்றி ஆராய ஒரு குழு. ஆராயட்டும், இன்னும் ஆராய்கிறார்கள். அடுத்தது, பதினேழு பேருக்கும் பரீட்சை எழுத இன்னொரு தடவை. ஆனால் முப்பது நாளுக்குள் அவர்களே கையெழுத்து வைத்த படிவம் வர வேண்டும்.

முப்பது நாள்! இருபது மாதம் இழுத்தவர்கள் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது முப்பது நாள். பாதிப் பேரின் போன் இலக்கம் மாறியிருந்தது. மிஸ் அறுபத்து நாலு வயதில் பஸ்ஸில் ஏறி இறங்கினார். நானும் லீவு போட்டுப் போனேன். மொனராகலைக்குப் போனோம், மூதூருக்குப் போனோம். ஒருத்தன் தெமட்டகொடையில் ரயில் யார்ட்டில் கூலி. படிவத்தைக் கண்டதும் கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டுக் கையெழுத்து வைத்தான். இரண்டு பேர் வெளிநாடு போய்விட்டார்கள். நாலு பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பத்துப் பேர் கையெழுத்து வைத்தார்கள்.

நாகேஸ்வரி நுகேகொடையில் ஒரு துணிக்கடையில் நிற்பதாகத் தெரிந்தது இருபத்தேழாம் நாள். ஹெட்டியாவத்தை 176 பஸ்ஸில் ஏறிப் போனேன். மிஸ் கடை வாசலில் எனக்காக நின்றார். உள்ளே போனோம். பிள்ளை கடைச் சட்டை போட்டுக்கொண்டு சேலை மடித்துக்கொண்டிருந்தது.

"மிஸ்! என்னங்க மிஸ் இங்க? சேலை பாக்கவா?"

"உன்னைப் பாக்க."

மிஸ் படிவத்தை மடித்த சேலைகளுக்கு மேல் வைத்தார். விசயத்தைச் சொன்னார். பிள்ளை வாசித்தது. இரண்டு தடவை வாசித்தது. அங்கால் நின்ற மேற்பார்வைக்காரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது போன வருசம் வந்திருந்தா ஓடி வந்திருப்பேங்க மிஸ். இப்ப தங்கச்சி ஏ.எல். படிக்கிறா. நான் அனுப்புறதுலதான் படிக்கிறா. நான் இத விட்டுட்டு வந்தா அவ நிக்கணும்."

"அதுக்கு ஏதாவது வழி பாப்பம். நான் இருக்கிறன்."

"நீங்க இன்னும் எத்தன மாசம் மிஸ் அங்க?"

பிள்ளை சேலையின் கரையை நீவிக்கொண்டே கேட்டது: "அன்னிக்கு அந்தத் தாள நான் எந்திரிச்சுக் காட்டாம இருந்திருந்தா இதெல்லாம் நடந்திருக்காதுங்கதானே மிஸ்?"

"நீ காட்டினதுதான் சரி நாகேஸ்வரி."

"சரியா இருந்து என்னங்க மிஸ்."

"அந்தத் தாளை எடுத்தது நான் தங்கச்சி," என்றேன்.

"தெரியும் அண்ணே. எல்லாருக்கும் தெரியும்." கோபமில்லாமல்தான் சொன்னது. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மேற்பார்வைக்காரி கூப்பிட்டாள். பிள்ளை படிவத்தை இரு கையாலும் மிஸ்ஸிடம் கொடுத்துவிட்டுப் போனது.

பஸ் நிறுத்தத்தில் மிஸ் படிவத்தை மறுபடி விரித்தார். அதன் அடியில், மறுப்பதாயின் காரணம் என்று ஒரு கோடு இருந்தது. கைப்பையின் மேல் வைத்து எழுதினார்: பல்கலைக்கழகம் பிந்திவிட்டது. தமிழில், சிங்களத்தில், இங்கிலீசில், மூன்றிலும்.

அடுத்த நாள் பதிவாளர் கந்தோரில் கொடுத்தோம். கிளாக் வாசித்துவிட்டு, இப்படி ஒரு காரணத்தை ஏற்கமுடியாது, குடும்பக் காரணம் என்று மாற்றி எழுதுங்கள் என்றார்.

"குடும்பம் என்ன பிழை செய்தது?" என்று கேட்டார் மிஸ்.

படிவம் திரும்பி வந்தது. மிஸ் அப்படியே திருப்பி அனுப்பினார். மறுபடி வந்தது. மறுபடி அனுப்பினார். ஒக்டோபரில் நாலாவது தடவை, பேராசிரியர் என்ற முத்திரையைக் குத்தி, செனற் உறுப்பினர் என்று கீழே எழுதி அனுப்பினார். அடுத்த மாதம் அறுபத்தைந்து முடிந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு அது திரும்பி வரவில்லை.

கிழித்துப் போட்டுவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம். போன கிழமை களஞ்சியத்திலிருந்து பதிவாளர் கந்தோருக்குப் பைல் கட்டுகள் கொண்டு போனபோது கிளாக்கிடம் கேட்டேன். எடுத்துக் காட்ட மாட்டேன் என்றார். காட்டும் வரைக்கும் நான் கட்டுகளை இறக்கி வைக்கவில்லை. கடைசியில் எடுத்தார். ஒரு எழுத்தும் மாறாமல் பைலுக்குள் இருந்தது.